சராசரி இறங்கினால் அலை அடங்குமா? விலங்குகளில் ரத்த அழுத்த மருந்துகள் செய்யும் வேலை

ஸ்டீஃபன் ஹேல்ஸ் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். செடிகளில் நீர் எப்படி ஏறுகிறது என்று ஆராய்ந்தவர், அதே ஆர்வத்தோடு ரத்தத்தின் விசையையும் அளக்கப் புறப்பட்டார். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, கால் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் வரை ஏறியது. 1733இல் இதை அச்சில் வெளியிட்டார். மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலம் அது. அந்தக் குதிரை பட்ட வேதனையை நினைக்காமல் இந்தக் குறிப்பை என்னால் படிக்க முடிந்ததில்லை.

ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் என்று பாடநூல்கள் அவரைச் சொல்லும். ஆனால் அவர் எழுதியதில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. குழாயில் ரத்தம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் 2, 3, 4 அங்குலம் ஏறி இறங்கியது. அது போக, சில நேரம் 12, 14 அங்குலம் கீழே இறங்கி, அங்கேயே துடிப்புக்குத் துடிப்பு ஆடிக்கொண்டிருந்துவிட்டு, 40, 50 துடிப்புகள் கழித்து மறுபடி பழைய உயரத்துக்கு வந்தது. 12 அங்குல ரத்தம் என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் பாதரசம். அதாவது, முதல் அளவீட்டிலேயே வேகமான ஆட்டம் ஒன்றும் மெதுவான ஆட்டம் ஒன்றும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன.

அதற்கப்புறம் வந்த காலம் முழுக்க நாம் அந்த உயரத்தைத்தான் பிடித்துக்கொண்டோம், ஆட்டத்தை விட்டுவிட்டோம். பிபி எவ்வளவு என்று கேட்டால் ஓர் எண் சொல்கிறோம். மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டால் அந்த எண் இறங்கியதா என்று பார்க்கிறோம். அந்த எண் ஒரு சராசரி. பல நேரம் சராசரிகூட இல்லை, ஒரு நொடியில் எடுத்த படம். மருந்து சராசரியை இறக்கும்போது ஏற்ற இறக்கமும் கூடவே அடங்குகிறதா, அப்படியே இருக்கிறதா, சில நேரம் கூடிவிடுகிறதா? விலங்கு ஆய்வுகளில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் ஒரே மாதிரி இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், ஏற்ற இறக்கம் என்பது ஒரே பொருள் அல்ல. மூச்சோடு சேர்ந்து வரும் சிற்றலை ஒன்று. பரிவு நரம்புகள் (ஆபத்து நேரத்தில் உடலை உசுப்பிவிடும் நரம்புகள்) ரத்தக் குழாய்களை இறுக்கித் தளர்த்துவதால் வரும் அலை இன்னொன்று; 1876இல் இதை முயல்களில் விவரித்த மேயரின் பெயரால் மேயர் அலை என்கிறார்கள். மனிதரில் இது ஏறக்குறைய 10 நொடிக்கு ஒருமுறை வரும், எலியில் இரண்டரை நொடிக்கு ஒருமுறை. இதைவிட மெதுவாக, நிமிடக் கணக்கில் வரும் அசைவுகளில் ரத்தக் குழாய்ச் சுவரின் தசையும் ஹார்மோன்களும் பங்கெடுக்கின்றன. அப்புறம் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம். கடைசியாக, ஒருமுறை மருத்துவரிடம் போனபோது இருந்த அளவுக்கும் அடுத்த முறை போனபோது இருந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம். இத்தனையையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம். ஒரு மருந்து இரண்டரை நொடி அலையைத் துடைத்துவிட்டு, பகல் இரவு வித்தியாசத்தைத் தொடாமலே விட்டுவிடலாம்.

இந்த ஆட்டங்களை அடக்கி வைக்கும் முக்கியமான ஏற்பாடு கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கிறது. அங்குள்ள நரம்பு முனைகள் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை ஓயாமல் மூளைத் தண்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கி, குழாய்களைத் தளர்த்தச் சொல்லி உத்தரவு வரும், இறங்கினால் நேர்மாறாக. இதை அழுத்த அனிச்சை என்று சொல்லலாம்.

இந்த நரம்பு முனைகளைத் துண்டித்துவிட்டால் என்ன ஆகும்? 1973இல் ஆலன் கௌலி, ஆர்தர் கைடன் ஆகியோர் நாய்களில் இதைச் செய்து பார்த்தார்கள். இயல்பான நாயில் நாள் முழுவதும் அழுத்தம் பெரும்பாலும் 100ஐ ஒட்டி, 85க்கும் 115க்கும் இடையிலேயே இருந்தது. நரம்பு துண்டிக்கப்பட்ட நாயில் அது 50 வரை விழுந்தது, 160க்கு மேலும் போனது. ஆனால் 24 மணி நேரச் சராசரி பெரிதாக மாறவில்லை, 10 மில்லிமீட்டரை ஒட்டிய உயர்வுதான். உடலியல் பாடநூல்களில் இந்த இரண்டு வளைகோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும்: ஒன்று ஒல்லியான உயரமான கூம்பு, மற்றது தட்டையாகப் பரந்த மேடு. இரண்டின் நடுப்புள்ளியும் கிட்டத்தட்ட ஒரே இடம். சராசரியும் ஆட்டமும் வேறு வேறு கைகளில் இருக்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சராசரியை நீண்ட கால அளவில் தீர்மானிப்பது பெரும்பாலும் சிறுநீரகம். நொடிக்கு நொடி ஆட்டத்தை அடக்குவது நரம்பு.

இன்னொரு காவலும் உண்டு. ரத்தக் குழாயின் உள் உறை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. ரத்தம் வேகமாக உரசிப் போகும்போது அது கூடுதலாகச் சுரந்து குழாயை விரிக்கும். விழித்திருக்கும் நாய்களில் அந்தச் சுரப்பை நிறுத்தியபோது அழுத்தத்தின் குறுகிய கால ஆட்டம் கூடியது. உள் உறை கெட்டுப்போன உடலில் ஆட்டம் ஏன் அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, ஆட்டம் இருந்தால் என்ன? சராசரி சரியாக இருந்தால் போதாதா?

போதாது என்று உறுதியாகச் சொன்னவை எலிகள். நரம்பைத் துண்டித்த எலிகளில் முதலில் அழுத்தம் ஏறும். சில வாரங்களில் சராசரி இயல்பை ஒட்டித் திரும்பிவிடும், ஆட்டம் மட்டும் நிலைத்துவிடும். ஷாங்காயில் இயங்கிய ஒரு மருந்தியல் குழு இந்த எலிகளைத் தொடர்ந்து கவனித்து வந்தது. சராசரி கிட்டத்தட்ட இயல்பாக இருந்தும் இதயத்தின் இடது கீழறை தடித்தது, பெருந்தமனியின் சுவர் தடித்தது, சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சுகள் கெட்டன. உயர் அழுத்தம் பல காலம் செய்யும் வேலையை, உயராத அழுத்தத்தின் ஆட்டம் தானாகவே செய்துகாட்டியது.

பரம்பரையாகவே உயர் அழுத்தம் வரும் எலி இனம் ஒன்று உண்டு. கியோட்டோவில் ஒகமோட்டோ, ஆவோக்கி இருவரும் இனப்பெருக்கத் தேர்வின் மூலம் உருவாக்கி 1963இல் அறிவித்தார்கள். இன்றும் ரத்த அழுத்த மருந்து எதுவானாலும் பெரும்பாலும் இந்த எலியில் ஒருமுறை சோதிக்கப்படும். வயது ஏற ஏற இந்த எலியில் சராசரி மட்டுமல்ல, ஆட்டமும் கூடுகிறது. அழுத்த அனிச்சை மந்தமாகிறது. ஆகவே ஒரு மருந்து இந்த எலியின் இதயத்தைக் காப்பாற்றினால், அது சராசரியை இறக்கியதாலா, ஆட்டத்தை அடக்கியதாலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்த ஆய்வுகளில் ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்திலிருந்து 2009இல் வந்த ஒன்றை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஏற்கெனவே உயர் அழுத்தம் உள்ள அந்த எலிகளிலேயே நரம்பையும் துண்டித்து, ஆட்டத்தை மட்டும் கூட்டினார்கள். இதயம் இன்னும் மோசமானது: சுவர் தடித்தது, தசைக்கு நடுவே நார்த்திசு படர்ந்தது, அழற்சியின் அடையாளங்கள் தெரிந்தன. பிறகு கேண்டெசார்ட்டான் கொடுத்தார்கள். ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்து அது. அழுத்தத்தை இறக்காத அளவுக்கு மிகக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். சராசரி இறங்கவில்லை, ஆட்டமும் குறையவில்லை. ஆனாலும் ஆட்டம் செய்த கூடுதல் சேதம் தடுக்கப்பட்டது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அழுத்தம் திரும்பத் திரும்பக் குதிக்கும்போது இதயத் தசைக்குள்ளேயே ஆஞ்சியோடென்சின் வழிப்பாதை விழித்துக்கொள்கிறது. அந்தப் பாதைதான் அழற்சியையும் நார்ப் படர்ச்சியையும் கொண்டுவருகிறது. மருந்து அலையை அடக்கவில்லை, அலை வந்து மோதும் இடத்தில் நடக்கும் எதிர்வினையை அணைத்தது. ஆகவே ஒரு மருந்து உறுப்பைக் காப்பாற்றிவிட்டது என்பதை வைத்து, அது ஆட்டத்தைக் குறைத்தது என்று பின்னோக்கி முடிவு கட்டக்கூடாது.

இப்போது மற்ற மருந்து வகைகளுக்கு வருவோம்.

ஹைட்ரலசீன் பழைய மருந்து. தமனித் தசையை நேராகத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும். ஆனால் அழுத்தம் சட்டென்று இறங்குவதை அனிச்சை பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. பரிவு நரம்பைத் தட்டி எழுப்பி இதயத்தை ஓட வைக்கும். 1974இல் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் உயர் அழுத்த எலிகளில் இதை, பரிவு நரம்பை அடக்கி அழுத்தத்தை இறக்கும் மீத்தைல்டோப்பாவுடன் ஒப்பிட்டார்கள். இரண்டும் அழுத்தத்தை இறக்கின. மீத்தைல்டோப்பா கொடுத்த எலிகளில் இதயத்தின் தடிப்பு குறைந்தது. ஹைட்ரலசீன் கொடுத்தவற்றில் குறையவில்லை. அந்த ஆய்வு ஆட்டத்தை அளக்கவில்லை, ஆகவே இதை ஆட்டத்துக்கான சாட்சியாக நான் கூப்பிடப் போவதில்லை. ஆனால் எண் இறங்குவதும் உறுப்பு பிழைப்பதும் ஒன்றல்ல என்ற சந்தேகம் இங்கேதான் வலுவாக வேரூன்றியது.

பிரசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் நரம்பின் உத்தரவு ரத்தக் குழாய்த் தசைக்குப் போய்ச் சேராமல் மறிக்கும். எலிக்குக் கொடுத்தால் மேயர் அலை காணாமல் போய்விடும். பார்வைக்கு நல்ல செய்தி போலத் தெரியும். இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள்: நரம்பைத் துண்டித்த எலியிலும் மேயர் அலை மங்கிவிடுகிறது, ஆனால் மொத்த ஆட்டமோ பெருகுகிறது. ஏனென்றால் அந்த அலையின் ஒரு பகுதி, அனிச்சை உயிரோடு வேலை செய்வதற்கான அடையாளம். குறிப்பிட்ட ஓர் அலை சிறுத்ததை வைத்து மருந்தைப் பாராட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான். எந்த அலை, எவ்வளவு நீளமானது, அதைக் கிளப்புவது யார் என்று கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வோம்.

கிளோனிடீன் மூளைத் தண்டிலேயே பரிவு நரம்பின் சத்தத்தைக் குறைக்கும். கொடுக்கும்வரை அமைதி. எலிகளில் சில நாள் தொடர்ந்து செலுத்திவிட்டுத் திடீரென நிறுத்தினால், இதயத் துடிப்பு எகிறும், அழுத்தம் குறுகிய குறுகிய ஏற்றங்களாகக் குதிக்கும். மனிதரில் இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று எச்சரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு மருந்து ஆட்டத்தை என்ன செய்கிறது என்ற கேள்விக்குள், அந்த மருந்து நின்றுபோகும்போது என்ன ஆகிறது என்ற கேள்வியும் அடங்கும்.

இதயத்துக்குப் போகும் பரிவு நரம்பின் உத்தரவை மறிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளின் கதை விலங்குக்கும் மனிதருக்கும் நடுவே பிரிந்து நிற்கிறது. ஷாங்காய்க் குழுவின் எலி ஆய்வுகளில் அட்டெனலால் என்ற பீட்டா தடுப்பு மருந்தும் நைட்ரெண்டிபைன் என்ற கால்சியம் தடுப்பு மருந்தும் சேர்ந்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட ஆட்டம் நன்றாகக் குறைந்தது, உறுப்புகளும் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டன. மனிதரிலோ, 2010இல் பீட்டர் ராத்வெல் குழு வெளியிட்ட பெரிய ஆய்வில், கால்சியம் தடுப்பு மருந்தான அம்லோடிபைன் வழிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்தது. அட்டெனலால் வழிச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கூடியது. பக்கவாத அபாயத்தில் இரண்டு குழுக்களுக்கும் இருந்த வேறுபாட்டை இது பெருமளவு விளக்கியது. எலியும் மனிதரும் முரண்படுகிறார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எலியில் அளந்தது துடிப்புக்குத் துடிப்பு வரும் ஆட்டத்தை. மனிதரில் அளந்தது மாதக் கணக்கில் வரும் ஆட்டத்தை. கேட்ட கேள்வியே வேறு.

கால்சியம் தடுப்பு மருந்துகள் இந்த விஷயத்தில் நல்ல பெயர் வாங்கியவை. அந்தப் பெயருக்கு நியாயமும் உண்டு. குழாய்ச் சுவரின் தசை சுருங்கக் கால்சியம் உள்ளே போக வேண்டும். வாசலை ஓரளவு மூடிவிட்டால் நரம்பு கத்தினாலும் ஹார்மோன் கத்தினாலும் தசை அளவோடுதான் சுருங்கும். மருந்து மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் அனிச்சையும் பதறாது. அம்லோடிபைன் அப்படிப்பட்டது, மனிதரில் ரத்தத்திலிருந்து அதன் பாதி அளவு நீங்கவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த நிஃபெடிபைனை உடனே கரையும் வடிவத்தில் கொடுத்தால் அழுத்தம் சரிந்து, இதயம் ஓடி, சில மணி நேரத்தில் அழுத்தம் மறுபடி ஏறி, மருந்தே ஓர் அலையை உண்டாக்கிவிடும். ஒரே வகை, ஒரே வாசல். வித்தியாசம் வந்து போகும் வேகத்தில்.

ஆனால் இதே வகையைப் பற்றி அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று சிறுநீரகத்தில் இருக்கிறது. பெரிய தமனியில் அழுத்தம் எவ்வளவு ஆடினாலும், சிறுநீரக வடிகட்டி முடிச்சுக்குள் நுழையும் சிறு தமனி தன் சுவரை இறுக்கித் தளர்த்தி அந்த ஆட்டத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். அணையின் மதகு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறுக்கத்துக்குத் தேவையானது கால்சியம். சிறுநீரகத்தின் பெரும்பகுதியை அகற்றிய எலிகளில் கேரன் கிரிஃபின், அனில் பிடானி குழு 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கால்சியம் தடுப்பு மருந்து மொத்த அழுத்தத்தை இறக்கினாலும், மதகு திறந்தே கிடந்ததால் மிச்சமிருந்த அழுத்தமும் அதன் ஆட்டமும் நேரே முடிச்சுக்குள் பாய்ந்தன. ஒரே அழுத்தத்துக்குச் சேதம் அதிகமானது.

எனவே பெரிய தமனியில் எவ்வளவு ஆடுகிறது என்பது பாதிக் கேள்விதான். அந்த ஆட்டம் எந்த உறுப்பு வரை போய்ச் சேருகிறது என்பது மீதிப் பாதி. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் ஏசிஇ தடுப்பு மருந்துகளும், அது வேலை செய்வதைத் தடுக்கும் ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்துகளும் முடிச்சிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்துவதால் உள்ளே அழுத்தம் தேங்காது. நாய்களில் அம்லோடிபைனைத் தனியாகக் கொடுத்தால் ரெனின் ஆஞ்சியோடென்சின் அமைப்பு (சிறுநீரகம் சுரக்கும் ரெனின் வழியாக ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் ஏற்பாடு) விழித்துக்கொள்கிறது என்பதும் தெரிந்த விஷயம். கால்நடை மருத்துவர்கள் நாய்க்கு அம்லோடிபைன் எழுதும்போது பெரும்பாலும் எனாலப்ரில், பெனாசெப்ரில் போன்ற ஏசிஇ தடுப்பு மருந்து ஒன்றையும் சேர்த்து எழுதுவதன் பின்னால் இந்த இரண்டு காரணங்களும் நிற்கின்றன.

சிறுநீர் பிரிக்கும் மருந்துகளைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல எதுவுமில்லை. அவை வேலை செய்வது சராசரியைத் தீர்மானிக்கும் சிறுநீரகத்தில். நொடிக் கணக்கில் வரும் ஆட்டத்தோடு அவற்றுக்கு நேரடித் தொடர்பு குறைவு.

ஆய்வுகளைப் படிக்கிறவர்கள் விழும் பள்ளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பள்ளம் கணக்கில். ஆட்டத்தைப் பெரும்பாலும் திட்ட விலக்கம் என்ற எண்ணால் சொல்கிறார்கள்; அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண் அது. சராசரி உயர்ந்தால் இந்த எண்ணும் தானாக உயரும்; இறங்கினால் தானாக இறங்கும். 200இல் இருந்த எலியை 150க்குக் கொண்டுவந்தால் திட்ட விலக்கம் குறைவது இயல்புதான், அதில் மருந்தின் தனித் திறமை எதுவும் இல்லாமலும் இருக்கலாம். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துக் கிடைக்கும் மாறுபாட்டுக் கெழுவும் இறங்கியிருந்தால்தான் மருந்து ஆட்டத்தைத் தனியாகத் தொட்டிருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். ஓர் ஆய்வறிக்கை முதல் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு ஆட்டம் குறைந்தது என்று முடித்தால் அதை நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது பள்ளம் மருந்தை எப்படிக் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே விலங்கின் அன்றாட வாழ்க்கையே உள்ளே வருகிறது. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. ஓடுவது, தின்பது, குடிப்பது எல்லாம் பெரும்பாலும் இருட்டில்தான். அழுத்தமும் இதயத் துடிப்பும் இரவில்தான் ஏறும். மருந்தைக் குடிநீரில் கலந்து வைத்தால் எலி அதை இரவில் அதிகமாகக் குடிக்கும். அழுத்தம் ஏறும் நேரமும் மருந்து ஏறும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடும். அதே மருந்தைப் பகலில் ஆய்வாளர் வேலைக்கு வரும் நேரத்தில் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டால், எலி தூங்கும் நேரத்தில் அழுத்தம் பள்ளத்தில் விழும். அது எழுந்து ஓடும் நேரத்தில் மருந்து தீர்ந்திருக்கும். எலியின் கல்லீரல் பல மருந்துகளை மனிதருடையதைவிட வேகமாகச் சிதைத்துவிடும் என்பதால் நமக்கு ஒரு நாள் தாங்கும் மருந்து அதற்குச் சில மணி நேரம்தான் தாங்கும். அது போக, எலியைப் பிடித்து வாயில் குழாய் விடுவதே அழுத்தத்தை ஏற்றும். தோலுக்கடியில் வைக்கும் சிறு பம்பு வாரக் கணக்கில் ஒரே சீராக மருந்தை விடும். ஒரே மருந்து, ஒரே அளவு, மூன்று வழி. கிடைக்கும் ஆட்டமும் மூன்று விதம். இதைப் பார்க்காமல் மருந்தின் மேல் தீர்ப்பு எழுதுவது நியாயமாக இல்லை.

1990இல் உருவாக்கப்பட்ட மரபு மாற்ற எலி இனம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. சுண்டெலியின் ரெனின் மரபணு ஒன்றைக் கூடுதலாகச் சுமக்கும் அந்த எலியில் அழுத்தத்தின் தாளம் தலைகீழ்: ஓட்டமும் இதயத் துடிப்பும் வழக்கம்போல இரவில் உச்சம், அழுத்தம் மட்டும் பகலில் உச்சம். அதற்கு எந்த நேரத்தில் மருந்து கொடுப்பது என்ற கேள்வி சாதாரண எலியில் கேட்டதற்கு நேர் எதிரான பதிலைக் கேட்கும்.

மூன்றாவது பள்ளம் அளக்கும் கருவி. பல ஆண்டுகளாக எலியை ஒரு குழாய்க்குள் அடைத்து, வாலைச் சூடாக்கி, வாலில் பட்டை கட்டித்தான் அளந்தார்கள். அதில் கிடைப்பது சில நிமிடத்தின் சில எண்கள், அதுவும் பயந்துபோன விலங்கின் எண்கள். இப்படி அளந்து ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. உடலுக்குள் சிறு கருவியைப் பொருத்தி, அழுத்தத்தை ரேடியோ அலையாக வெளியே அனுப்பும் டெலிமெட்ரி 1990களில் பரவிய பிறகுதான் எலி தன் கூண்டில், தன் போக்கில் இருக்கும்போது நாள் கணக்கில், துடிப்புக்குத் துடிப்பு பதிவு கிடைத்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2005இல் தந்த பரிந்துரையும் ஆட்டத்தை ஆராய வேண்டுமானால் இந்த முறையைத்தான் சொன்னது. விலங்குக்கும் இது நல்லது: அறுவையிலிருந்து தேறிய பிறகு யாரும் அதைப் பிடித்து அடைக்க வேண்டியதில்லை; ஒரே விலங்கிடமிருந்து நிறையத் தெரிந்துகொள்வதால் குறைவான விலங்குகள் போதும்.

இவ்வளவும் ஆய்வுக்கூடத்துக்குள். வெளியே வீடுகளில் மருந்து சாப்பிடும் விலங்குகளில் முதலில் நிற்பது பூனை. வயதான பூனைகளில் சிறுநீரக நோயும் தைராய்டு மிகையும் சகஜம். இரண்டோடும் உயர் அழுத்தம் சேர்ந்து வரும். 2018இல் வெளியான அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் ஒருமித்த அறிக்கை, மேல் அளவு 140க்குக் கீழே இருந்தால் இயல்பு, 160 முதல் 179 வரை உயர் அழுத்தம், 180ம் அதற்கு மேலும் கடுமையான உயர் அழுத்தம் என்று பிரிக்கிறது. பூனைக்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் அம்லோடிபைன். டெல்மிசார்ட்டான் திரவ மருந்தும் பூனையின் உயர் அழுத்தத்துக்கென்றே அங்கீகாரம் பெற்றிருக்கிறது.

அந்த எண்களை அளப்பதில்தான் சிக்கல். 1999இல் அமெரிக்காவில் பூனைகளின் உடலுக்குள் டெலிமெட்ரி கருவியைப் பொருத்தி, அவை அமைதியாக இருந்தபோதும், மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போன்ற ஏற்பாடு ஒன்றைச் செய்தபோதும் ஒப்பிட்டார்கள். சராசரியாக மேல் அளவு 18 மில்லிமீட்டரை ஒட்டி ஏறியது. சராசரிக்குள் ஒளிந்திருந்த வித்தியாசம் மிகப் பெரியது: ஒரு நேரம் 75 வரை ஏற்றம், இன்னொரு நேரம் 27 இறக்கம். மேசையில் உட்கார்ந்திருக்கும் பூனையின் எண்ணில் எவ்வளவு நோய், எவ்வளவு பயம் என்று எந்தச் சூத்திரமும் போட்டுக் கழிக்க முடியாது.

இதனால்தான் அளக்கும் முறை இவ்வளவு பொறுமையைக் கேட்கிறது. அறையில் 5 முதல் 10 நிமிடம் விலங்கை அதன் போக்கில் விட வேண்டும். பட்டையின் அகலம் கால் அல்லது வால் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். முதல் அளவை ஒதுக்கிவிட்டு, அடுத்தடுத்து 5 முதல் 7 அளவுகள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். அளவுகள் இறங்கிக்கொண்டே வந்தால் விலங்கு இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே உறுப்பில், அதே அளவுப் பட்டையால், முடிந்தால் அதே ஆள் அளப்பது நல்லது. இவற்றில் ஒன்று மாறினாலும் போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வித்தியாசம் மருந்தின் வேலையா, அளவின் பிழையா என்று தெரியாமல் போகும்.

பூனையோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவு ஒருமுறை ஏறியிருந்தது என்று மாத்திரையை நீங்களே கூட்டாதீர்கள். இறங்கியிருந்தது என்று நிறுத்தாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் அம்லோடிபைன் மாத்திரையை உடைத்துக் கொடுத்துப் பார்ப்பதும் ஆபத்து. பூனைக்குத் தரும் அளவு மிகச் சிறியது, கை தவறினால் அழுத்தம் விழுந்துவிடும். ஒருவேளை மருந்து தவறிவிட்டது, துப்பிவிட்டது, பாதி மட்டும் விழுங்கியது என்றால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். விட்டுவிட்டுக் கொடுத்த மருந்து பார்வைக்கு வேலை செய்யாத மருந்து போலவே தெரியும். அடுத்து நடப்பது அளவைக் கூட்டுவதாக இருக்கும். மருந்து தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ 7 முதல் 10 நாளில் மறுபடி அளந்து பார்ப்பது வழக்கம். உறுப்பில் ஏற்கெனவே சேதம் இருந்தால் 1 முதல் 3 நாளிலேயே பார்ப்பார்கள்.

அப்படிப் போகும்போது நல்ல மருத்துவர் பட்டையில் வந்த எண்ணோடு நின்றுவிடாமல், அறையின் விளக்கைக் குறைத்துப் பூனையின் கண்ணுக்குள் ஒளி அடித்து விழித்திரையைப் பார்ப்பார். உயர் அழுத்தத்தில் பூனையின் விழித்திரை ரத்தம் கசிந்து, பின்சுவரிலிருந்து பிரிந்து வந்துவிடும். பார்வை போன பிறகுதான் பல பூனைகளுக்கு நோயே தெரியவருகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் அழுத்தம் எவ்வளவு என்பதைப் பட்டை சொல்லும். முந்தைய வாரங்களில் அழுத்தம் அங்கே என்ன செய்துவிட்டுப் போனது என்பதைக் கண்ணில்தான் பார்க்க முடியும். சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்ற சோதனையையும் அதோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.